சொந்தப் படமும் ஊர்ப் படமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு ஒளிப்படக் கலைஞரின் தன்முயற்சிகள் பற்றிச் சில குறிப்புகள்

1

கலை இலக்கிய ஆய்வு என்று நாம் கூறிக்கொள்ளும் துறையினுள் ஒளிப்படம் இன்னும் முறையாக நுழையவில்லை. நாவல், சிறுகதை, கவிதை, கூத்து, கோயிற் சிற்பம் என்பன பற்றியெல்லாம் எமது பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. ஒளிப்படம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கமராவைக் கையாளும் முறையைக் கற்பிப்பனவாகவே உள்ளன. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு நாவலேனும் இல்லாத வீடுகள் பல. சுவரில் ஒரு படமேனும் மாட்டப்படாத வீட்டைக் காண்டல் அரிது. சினிமாவை விடுத்து நோக்கின், மக்களின் நாளாந்த வாழ்வில் இத்துணை ஆழமாகப் புகுந்த வேறொரு நவீன கலைவடிவத்தைச் சுட்டுதல் கடினம்.

அண்மைக் காலத்தில் ஒளிப்படக் கலைஞரிடையே ‘சொந்தச் செயற்றிட்டம்’ என்னும் தொடர் பெருவழக்காகியுள்ளது. வாடிக்கையாளரின் கட்டளைக்கோ பத்திரிகையின் தேவைக்கோ அன்றி, கலைஞர் தாமே ஒரு பொருளைத் தெரிந்து, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ பின்தொடர்ந்து உருவாக்கும் படத்தொடரை இது குறிக்கும். உலகெங்கும் கண்காட்சிகளும் பரிசுகளும் நிதியுதவிகளும் இவ்வகைத் தொடர்களையே நாடுகின்றன. ஒருவர் ‘கலைஞர்’ என மதிக்கப்படுவதற்கு இதுவே நுழைவாயில் என்ற நிலையும் தோன்றியுள்ளது.

இத்தொடரின் உட்பொருளைச் சிறிது ஆராய்தல் வேண்டும். எமது கவிஞர் எவரும் ‘இது என் சொந்தக் கவிதை’ என்று சிறப்பித்துக் கூறுவதில்லை. கூலி கொடுத்துக் கவிதை எழுதுவிப்பார் இன்மையே காரணம். (அந்தியேட்டிக் கல்வெட்டுக்குப் பாடல் புனைந்து கொடுப்போர் இதற்கு விதிவிலக்கு. அவர்களும் அப்பாடல்களைத் தம் தொகுதிகளிற் சேர்ப்பதில்லை.) ஒளிப்படக் கலைஞரோ ‘சொந்தம்’ என்பதை அழுத்திக் கூறவேண்டியவராக இருக்கின்றார். அவருடைய உழைப்பு நேரத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள். எனவே, சொந்தச் செயற்றிட்டம் என்பதை முதலில் ஓர் அழகியல் வகையாகக் கொள்ளாது, விற்கப்பட்ட நேரத்துக்கும் விற்கப்படாத நேரத்துக்கும் இடையிலான உறவாக நோக்குவதே பொருத்தமாகும். அந்நேரத்துக்கு விலை கொடுப்பவர் யார், அப்படம் இறுதியில் யாரிடம் சேர்கின்றது என்னும் இரு வினாக்களும் இதிலிருந்தே எழுகின்றன. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இரண்டாவது வினா தனிக் கனமுடையது. ஏன் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இலங்கையில் ‘சொந்தப் படம்’ எடுத்தவர்களின் வரலாறு வசதி படைத்தோரிடமிருந்தே தொடங்குகின்றது. ஆங்கில ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கிரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் குடும்பத்துக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவர் இந்நாட்டில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவானவையே. இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப் படங்களிலே தெனிசனும் டார்வினும் ஹேர்சலும் பெயருடன் நிற்கின்றனர். இலங்கைப் படங்களிலோ பணியாட்களும் தொழிலாளரும் களுத்துறைக் குடியானவரும் பெயரின்றி நிற்கின்றனர். ஒரே கமரா, ஒரே கலைஞர்; ஆனால் முகத்துக்குப் பெயர் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் வர்க்கத்தையும் குடியேற்ற ஆட்சியையும் பொறுத்ததாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் லயனல் வென்ட் (1900–1944) இத்துறையின் பெரும் பெயர். சட்டம் பயின்றவர், தேர்ந்த பியானோ இசைஞர், கொழும்பின் மேட்டுக்குடியினர். 1934இல் வெளியான ‘சிலோன் கீதம்’ என்னும் ஆவணப்படத்தின் உரையை வாசித்த குரல் அவருடையதே. ஒளியையும் உடலையும் அவர் கண்ட விதம் புதுமையானது. ’43 குழுவினரின் நவீனத்துவத்துக்கு அவரது பங்களிப்பு அடிப்படையானது. இதனை மறுப்பதற்கில்லை. எனினும், வயிற்றுப்பாட்டுக்காக ஒரு கல்யாணத்தைப் படம்பிடிக்கவேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் இருக்கவில்லை. முழு நேரமும் தமதாக இருந்தமையால் எல்லாப் படமும் சொந்தப் படமாயின.

இதற்கு மாறான மரபு ஒன்றும் உலகில் உண்டு. ஜேர்மனியில் 1926இல் தொழிலாளர் ஒளிப்பட இயக்கம் அமைப்பாயிற்று. தொழிலாளர் தம் ஆலையையும் குடியிருப்பையும் தாமே படம்பிடித்துத் தம் ஏடுகளில் வெளியிட்டனர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அது நசுக்கப்பட்டது. இந்தியாவில், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது, கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி. சி. ஜோஷியுடன் கிராமங்களுக்குச் சென்ற இளைஞர் சுனில் ஜானா, தாம் எடுத்த படங்களைக் கட்சி ஏட்டில் வெளியிட்டார். அவரைப் பொறுத்தவரை சொந்த வேலை, இயக்க வேலை என்ற பிரிவு எழவில்லை. வேலை முடிந்தபின் எஞ்சும் நேரத்திலே கலை செய்தல் என்ற எண்ணத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

3

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கு ஒளிப்படத்தின் முதன்மையான நிலைக்களன் ஸ்ரூடியோ ஆகும். நகரின் பெரிய ஸ்ரூடியோக்களிலிருந்து சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறைச் சந்திகளின் சிறு கடைகள் வரை, தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்றுவந்த இடம் அது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பட்டமளிப்பு, வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றின் படங்கள் அல்பத்தில் சேர்ந்தன. கல்யாணமும் சாமத்தியமும் செலவிட வல்லவரின் சடங்குகள். ஆதலால் அல்பமும் பெரும்பாலும் அவர்களின் வரலாறாகவே அமைந்தது. 1966 ஒக்டோபர் எழுச்சியிலும் 1968 மாவிட்டபுரத்திலும் தீண்டாமைக்கெதிராக வீதிக்கு வந்த மக்களின் வீடுகளில், பெரிய அல்பங்களைத் தேடுதல் வீண். அவர்களிற் பலருக்கு வாய்த்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படமே.

அந்தச் சிறு படத்தைப் பற்றியே விரிவாகக் கூறவேண்டியுள்ளது. 1968ஆம் ஆண்டு ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதற்கென எடுத்த, நேர்முகமாக, சிரிப்பின்றி, வெற்றுத் திரையின் முன் அமர்ந்த படம், பின்னர் எத்தனையோ வேலைகளைச் செய்தது. பாடசாலைப் பதிவுக்கும் கடவுச்சீட்டுக்கும் அதுவே. அவர் இறந்தால், அதையே பெருப்பித்து மாலை சூட்டிச் சுவரில் மாட்டினர். கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்திலும் முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டின் முதற் பக்கத்திலும் அச்சிட்டனர். அரசு தன் தேவைக்காக எடுப்பித்த படத்தையே மக்கள் தம் துக்கத்துக்கும் பக்திக்கும் உரியதாக மாற்றிக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே படம் ஆபத்தும் ஆயிற்று. சோதனைச் சாவடிகளில் முகமும் அட்டையும் ஒப்புநோக்கப்பட்ட ஆண்டுகளை இங்கு எவரும் மறந்திலர். போர் முடிந்த பின்னருங்கூட, 2011இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவத்தினர் குடும்பங்களை ஒளிப்படத்துடன் பதிவுசெய்தமைக்கு எதிராகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது. வட இலங்கையின் ஒளிப்பட வழக்கங்களைக் களஆய்வு செய்த மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய, குடியுரிமைக் கோரிக்கையும் அரச கண்காணிப்பும் ஒரே படத்தினுள் உறைவதை நன்கு எடுத்துக்காட்டியுள்ளார். தமிழறியும் ஆய்வாளர் செய்திருக்கவேண்டிய வேலை அது என்று கூறுவதில் எமக்கு வெட்கமே உண்டு.

மறுபுறத்தில், இழப்பின் அளவையும் கருதவேண்டும். 1981 யூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து சாம்பராகியது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வீடுகளில் அழிந்த அல்பங்களைப் பற்றி எழுதியோர் இலர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; சோனகத் தெருவின் வீடுகளில் விடப்பட்ட படங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து பல இலட்சம் பேர் தென்மராட்சி நோக்கி நடந்தனர். எம் வீட்டார் அன்று அரிசியையும் காணி உறுதியையும் எடுத்துச் சென்றனர். அல்பம் கனம் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினர். திரும்பி வந்தபோது அலுமாரியே இருக்கவில்லை. இன்று என் பெற்றோரின் கல்யாணப் படம் என எஞ்சியிருப்பது, கனடாவுக்கு முன்னரே அனுப்பப்பட்டிருந்த ஒரு பிரதியின் பிரதி. இத்தகைய கதை இல்லாத வீடு குடாநாட்டிற் சிலவே.

1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. இருட்டறையும் மின்விளக்கும் வேண்டிய ஒரு தொழில் அக்காலத்தை எவ்வாறு தாண்டியது என்பது தனி ஆய்வுக்குரியது. ஸ்ரூடியோக்காரர் பலர் இன்னும் உயிருடன் உள்ளனர். அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.

4

வோல்ரர் பென்ஜமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் வழிபாட்டு மதிப்பை அகற்றி, அதன் காட்சி மதிப்பை மேலோங்கச் செய்கின்றது என வாதிட்டார். ஆனால் வழிபாட்டு மதிப்பு எதிர்ப்பின்றி விலகவில்லை, அது இறுதியாகத் தஞ்சம் புகுந்த இடம் மனித முகம் என்றும் அவர் குறிப்பிட்டார். தொலைவில் உள்ளவரையும் இறந்தவரையும் நினைவுகூரும் வழிபாட்டில் அது நிலைத்தது என்பது அவர் கருத்து. ஐரோப்பாவில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டோடு கழிந்துபோன கட்டம் என அவர் கொண்டார்.

எமது அனுபவம் அக்கருத்தைத் திருத்தும்படி கோருகின்றது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, கைதுசெய்யப்பட்ட பிள்ளைகளுக்காக வீதிக்கு வந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே வவுனியாவிலும் முல்லைத்தீவிலும், குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில் மருதங்கேணியிலும் கொட்டில்கள் எழுந்தன. தாய்மாரின் கையில் இருப்பது பெரும்பாலும் அதே அடையாள அட்டைப் படம், அல்லது குழுப்படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்துப் பெருப்பித்த முகம்.

இங்கு நிகழ்வது யாது? சுவரில் மாட்டினால் இறந்துவிட்டார் என்று பொருள்படும். எனவே அத்தாய் படத்துக்கு மாலையிட மறுக்கின்றாள்; அதனை வீட்டுச் சுவரிலிருந்து வெளியே கொணர்ந்து கொட்டிலில் வரிசையாகக் கட்டுகின்றாள். வழிபாட்டு மதிப்பும் காட்சி மதிப்பும் ஒன்றையொன்று துரத்தாது ஒரே முகத்தில் ஒருசேர நிற்கின்றன. பிரதியாக்கம் அம்முகத்தின் கனத்தைக் குறைக்கவில்லை. எத்தனை பிரதி எடுக்கப்பட்டாலும், மழையில் நனைந்து நிறம் மங்கினாலும், அது அத்தாயின் பிள்ளையே. அரசு எடுப்பித்த படத்தைக் கொண்டே அரசிடம் கணக்குக் கேட்கப்படுகின்றது. குடாநாட்டின் ஒளிப்பட வரலாற்றில் இதனைவிட முக்கியமான ஆக்கம் வேறில்லை என்பது என் துணிபு. அதற்குத் தனியொரு கலைஞர் இலர். ஸ்ரூடியோக்காரர், ஆட்பதிவுத் திணைக்களம், பிரதி எடுத்துக் கொடுத்த கடைக்காரர், தாய் ஆகிய அனைவரும் சேர்ந்தே அதனை ஆக்கினர்.

இன்றைய ஒளிப்படக் கலைஞரின் தன்முயற்சிகள் இந்த ஆக்கத்தின் அருகே வைத்து மதிப்பிடப்படல் வேண்டும்.

5

கவிஞராக அறியப்பட்ட அமரதாஸ் வன்னியில் வாழ்ந்து, போரின் இறுதிக் காலம் வரை அங்கு படம்பிடித்தவர். ‘வாழும் கணங்கள்’ என்னும் அவரது ஒளிப்படத் தொகுப்பின் பெயரே ஒரு நிலைப்பாட்டைச் சொல்கின்றது. போர்க்களத்தை வெளியிலிருந்து வந்து பார்த்துச் செல்பவர், அழிவின் உச்சக் கணத்தையே நாடுவது வழக்கம். உள்ளே வாழ்பவருக்கு அவ்வுச்சங்களுக்கு இடையிலான நேரமும் தெரியும்: தண்ணீர் அள்ளுதல், கொட்டில் வேய்தல், பிள்ளையைத் தூங்கவைத்தல். வெளியிலிருந்து வந்தோரை இழித்துரைப்பதும் எம் நோக்கமன்று. பிரித்தானியரான ஸ்டீபன் சாம்பியன் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டுக்கு மீண்டும் மீண்டும் வந்து எடுத்த படங்களை 1993இலும் 2008இலும் நூல்களாக வெளியிட்டார். வடக்கையும் தெற்கின் கொலைகளையும் ஒருங்கே காட்டியமை அவற்றின் சிறப்பு.

முல்லைத்தீவைச் சேர்ந்த கணபதிப்பிள்ளை குமணன் செய்தியாளர். காணி அபகரிப்பு, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம், புதைகுழி அகழ்வு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்பவர். கலைக்கூட மொழியில் அவர் தம் படங்களைச் ‘செயற்றிட்டம்’ என அழைப்பவரல்லர். ஆயினும் ஒரே பொருளை விடாது பின்பற்றுதல், சந்தை கேட்டாலும் கேளாவிட்டாலும் திரும்பத் திரும்ப அதே கொட்டிலுக்குச் செல்லுதல் என்பனவே சொந்தச் செயற்றிட்டத்தின் இலக்கணம் என்றால், அவ்விலக்கணம் அவருக்கு முற்றிலும் பொருந்தும். 2020 ஒக்டோபரில், சட்டவிரோத மரக் கடத்தல் பற்றிச் செய்தி சேகரித்தபோது அவரும் சக செய்தியாளர் ஒருவரும் தாக்கப்பட்டனர். 2025 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவினர் அவரை விசாரணைக்கு அழைத்தனர். ‘சொந்த’ வேலைக்கு இங்கு கொடுக்கப்படும் விலையில் நேரமும் பணமும் மட்டும் அடங்குவதில்லை.

யாழ்ப்பாணத்தைத் தளமாகக் கொண்ட தர்மபாலன் திலக்சன் 2020இல் எடுத்த ஒரு தொடர் உலகெங்கும் பரவியது. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் அருகே, குப்பைமேட்டில் யானைக்கூட்டம் பொலித்தீனோடு உணவு தேடும் காட்சி அது. படம் வலிமையானது, வானிலிருந்து நோக்கும் அதன் கோணம் குப்பையின் பரப்பையும் விலங்கின் சிறுமையையும் ஒருங்கே தருகின்றது. அதன் உலகப் பயணத்தில் நிகழ்ந்தது வேறு. பிறெக்ற், குறுப் ஆலையின் ஒளிப்படம் அவ்வாலையைப் பற்றி ஏறத்தாழ எதையும் தெரிவிப்பதில்லை என்றார். மனித உறவுகள் பொருளுக்குள் மறைந்துவிட்டமையால் அவற்றை வெளிக்கொணர ஏதேனும் கட்டமைக்கவேண்டும் என்பது அவர் வாதம். வெளிநாட்டு ஏடுகளில் யானைகள் இரக்கத்துக்குரிய விலங்குகளாயின. காட்டை ஒட்டிக் குப்பை கொட்டும் சுற்றுவட்டார உள்ளூராட்சி மன்றங்களும், அவற்றுக்கு வேறிடம் இல்லாமற் செய்த காணிப் பிரச்சினையும் படத்தின் விளிம்புக்கு வெளியே நின்றன. இது கலைஞரின் குறையன்று. ஒரு படம் தன் தொடரிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரிக்கப்பட்டுத் தனியே பயணிக்கும்போது நேர்வது.

ஒளிப்படம் அல்லாத ஓர் ஆக்கத்தையும் இவ்விடத்திற் சேர்க்க விரும்புகின்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையைச் சேர்ந்த தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முடிவுறாத் தோம்பு’ என்று தமிழிற் சொல்லத்தக்க நூல், இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களைக் கொண்டது. அவற்றோடு கட்டடக்கலைஞரின் அளவுப்படமும் ஓவியரின் சித்திரமும் இணைக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்தரின் தோம்பு அரசுக்காகக் காணியைப் பதிந்தது. இத்தோம்பில் இழந்தவரே பதிகின்றனர். அல்பம் அழிந்தபின் ஒருவரிடம் எஞ்சுவது என்ன என்ற வினாவுக்கு, ஒளிப்படமே இல்லாமல் அளிக்கப்பட்ட விடை எனலாம். எமது இளம் ஒளிப்படக் கலைஞர் பலர் இந்நூலிலிருந்து கற்கக்கூடியது நிறைய உண்டு: கையெழுத்தையும் அளவுகோலையும் எவரிடம் கொடுப்பது என்பதே அதன் முதற் பாடம்.

பாக்கு நீரிணையின் அக்கரையில் இப்பாடத்தை வேறொரு வழியில் அடைந்தவர் ம. பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். தாய் கடன்பட்டு உதவியே கமரா கைக்கு வந்தது. ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறக்கப்பட்டு மாண்ட துப்புரவுத் தொழிலாளரின் குடும்பங்களைத் தொடர்ந்து படம்பிடித்து, அவர்களின் பிள்ளைகளைப் பற்றி 2019இல் ‘நானும் ஒரு குழந்தை’ என்னும் கண்காட்சியை அமைத்தார். இராமநாதபுரக் கடலில் பாசி சேகரிக்கும் பெண்களையும் தம் தாயைப் போன்ற மீன் வியாபாரிகளையும் படம்பிடித்தார். 2022இல் தயனிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. விருதைவிட நாம் கவனிக்கவேண்டியது, ஒடுக்கப்பட்ட சமூகச் சிறாருக்கு அவர் கமராவைக் கையளித்துப் பயிற்சி அளிப்பதாகும். 1926ஆம் ஆண்டுத் தொழிலாளர் இயக்கத்தின் ஓர் இழை இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது.

6

இனி, முன்னர் எழுப்பிய முதல் வினா: அந்நேரத்துக்கு விலை கொடுப்பவர் யார்? குடாநாட்டில் ஒளிப்படத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்ட இளைஞருக்கு வருவாய் தருவன கல்யாணமும் சாமத்தியமுமே. அச்சடங்குகளின் செலவிற் கணிசமான பங்கு புலம்பெயர்ந்த உறவினரின் உழைப்பிலிருந்து வருகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இரவுப் பணி செய்து ஈட்டிய பணம், இங்கு கோட்டை மதிலிலும் கசூரினாக் கடற்கரையிலும் மணமக்களை நிறுத்தி எடுக்கும் படமாகின்றது. வானூர்திக் கமரா மேலே சுழல்கின்றது. சனி, ஞாயிறும் முகூர்த்த நாளும் விற்கப்பட்டபின் எஞ்சும் நாட்களில் அந்த இளைஞர் ஒரு மீனவக் கிராமத்துக்கோ கைவிடப்பட்ட வீட்டுக்கோ செல்கின்றார். அவ்வகையில் சொந்தச் செயற்றிட்டத்துக்கும் சாமத்திய அல்பத்துக்கும் ஊற்று ஒன்றே. கல்யாணப் படத்தை இழிவாகப் பேசும் கலைஞர் இதனை மறத்தலாகாது. தவிரவும், அந்தக் கல்யாணப் படம் அதன் உரிமையாளரிடம் தவறாது போய்ச் சேர்கின்றது. கலைப்படம் அவ்வாறு சேர்கின்றதா?

மற்றொரு ஊற்று வெளிநாட்டு நிதியுதவியும் கண்காட்சியும். 2009க்குப் பின் ஏ-9 வீதி திறந்ததும், 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததும், கமராவோடு வந்தோர் தொகை பெருகியது. ஒரு படவகை விரைவில் உருவாயிற்று: தலையற்ற பனை, சன்னம் துளைத்த சுவர், அச்சுவரின் முன் சுருக்கம் விழுந்த ஒரு மூதாட்டியின் முகம். உள்ளூர் இளைஞரும் பரிசை நோக்கி இதே வகையைப் பயின்றனர். இப்படங்களின் ஒளி அழகானது, அமைப்புக் குறைசொல்ல முடியாதது. அவற்றின் கீழே ‘போரினால் பாதிக்கப்பட்ட பெண், யாழ்ப்பாணம்’ என்று எழுதியிருக்கும். சுவர் எந்த ஊர்ச் சுவர், வீடு யாருடையது, அவர் பெயர் என்ன என்பன இரா. களுத்துறைக் குடியானவர் பெயரிழந்து நின்ற இடத்துக்கே நாம் திரும்பி வந்துவிட்டோம்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் உண்டு. 1936இல் கலிபோர்னியாவின் பட்டாணித் தோட்டம் ஒன்றின் அருகே, அமெரிக்க அரச திட்டத்துக்காக டொரோத்தியா லாங் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ பொருளாதார மந்தக் காலத்தின் சின்னமாயிற்று. அப்பெண்ணின் பெயரை லாங் கேட்கவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இலேதான் வெளியாயிற்று. அப்படத்தால் தமக்கு எப்பயனும் கிட்டவில்லை என்ற மனக்குறை அவருக்கிருந்தது. லாங் நேர்மையற்றவர் அல்லர். அவர் படம் அக்கூடாரங்களுக்கு உணவு வரச்செய்தது. ஆயினும் முகத்தைச் சின்னமாக்குதலும் பெயரை நீக்குதலும் ஒரே செயலின் இரு பக்கங்களாக அமைந்தன. மருதங்கேணித் தாய் செய்வது இதற்கு நேரெதிரானது. அவள் கையிலுள்ள படத்தின் கீழே பெயர் இருக்கின்றது, பிறந்த திகதி இருக்கின்றது, காணாமலாக்கப்பட்ட நாளும் இடமும் இருக்கின்றன. தன் பிள்ளை ஒரு சின்னமாவதை அவள் விரும்பவில்லை, அவனே வேண்டும்.

பெயரை வெளியிடுதல் ஆபத்தாக முடியும் சூழல் இங்கு உண்டென்பதை நான் அறிவேன். அப்போதும் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தல், பெயரும் ஊரும் நாளும் எழுதிய குறிப்பேட்டைப் பேணுதல் ஆகியன இயலும். ‘நூலகம்’ எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் பேணி வருகின்றது. ஒதுக்கற்பாலன என்று பல்கலைக்கழகத்தார் கருதிய கல்வெட்டுகள் அங்கு ஆயிரக்கணக்கான முகங்களையும் பெயர்களையும் உறவுகளையும் காத்து நிற்கின்றன. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோக்களின் எதிர்ப்படங்களைத் தேடிச் சென்று, பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் எண்ணிமப்படுத்தினர். குடாநாட்டின் ஸ்ரூடியோக்களில் எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுக்கும் பதிவுப் புத்தகங்களுக்கும் இத்தகைய வேலை வேண்டும். தனியொரு கலைஞரின் விற்கப்படாத நேரத்தினால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று இது. மாணவர் சங்கமும் துறையும் ஊர்ச் சனசமூக நிலையமும் ஏற்கவேண்டிய வேலை.

இதன் அவசரத்தைச் செம்மணி காட்டுகின்றது. யாழ்ப்பாணத்தை இராணுவம் கைப்பற்றியதன் பின், 1996இல், ஏறத்தாழ 600 பேர் குடாநாட்டிற் காணாமற் போயினர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. கொலை வழக்கொன்றிற் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவத்தினர் ஒருவர் 1998இல் நீதிமன்றில் அளித்த வாக்குமூலத்தையடுத்து, 1999இல் செம்மணியில் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இன் தொடக்கத்தில், அதனை அண்டிய சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. சிறுவரின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. கூடவே கிடைத்த நீலநிறப் பாடசாலைப் பை, பொம்மை, காலணி, வளையல், ஆடைத்துண்டு ஆகியவற்றை அடையாளங் காட்டுமாறு 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுமக்கள் அழைக்கப்பட்டனர்.

முப்பது ஆண்டு மண்ணில் கிடந்த ஓர் ஆடைத்துண்டின் கரையையோ ஒரு வளையலின் வேலைப்பாட்டையோ தாயின் நினைவு மட்டும் உறுதிசெய்தல் எளிதன்று. பிள்ளை அந்தச் சட்டையோடும் அந்த வளையலோடும் நிற்கும் ஒரு பழைய படம் வீட்டில் இருந்தால் ஒப்புநோக்கலாம். அப்படம் 1995இல் பூட்டிவிட்டு வந்த அலுமாரியில் இருந்தது.